மதுரைக்குக் கூட்டமாக வருகிறவர்களுக்கு இரண்டு நாள் வழிகாட்டி

வேன் எடுத்துக்கொண்டு தென்மாவட்டச் சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் மதுரைக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். ராமேஸ்வரம் முடித்து மதியம் வந்து, மீனாட்சியைக் கும்பிட்டு, மகாலை எட்டிப் பார்த்து, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ராத்திரியே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சாமி கும்பிட்ட திருப்தி இருக்கும். ஊரைப் பார்த்த மாதிரி இருக்காது. மதுரையின் பழைய கதையில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே, சுற்றியுள்ள குன்றுகளில் இருக்கிறது. அங்கே சுற்றுலாப் பேருந்துகள் போவதில்லை. பதினைந்து இருபது பேர் சேர்ந்து வருகிறவர்கள் இரண்டு முழு நாள் ஒதுக்கினால் குன்றுகள், கோயில், அரண்மனை, கீழடி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். அதற்கான ஏற்பாட்டை முதலிலிருந்து சொல்கிறேன்.

எப்போது வருவது

தை பாதிக்குப் பிறகு மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை நல்ல காலம். வெயில் தாங்கும். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் வழியில் மீனாட்சி கோயிலுக்கு வருவார்கள். தை முதல் நாள் வரை கூட்டம் நெரியும். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு நடப்பதால் சாலைகளைத் திருப்பி விடுவார்கள். சித்திரைத் திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே வருவதானால் வாருங்கள். திருக்கல்யாணமும் தேரும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியவை. ஆனால் அந்த நாட்களில் வரலாற்றுச் சுற்றுலா நடக்காது. அறை கிடைக்காது, வண்டி நகராது, பாறைகளில் கால் வைக்க முடியாத வெயில் அடிக்கும்.

நாள் குறிக்கும்போது காலண்டரில் முகூர்த்த நாளையும் பாருங்கள். வளர்பிறை முகூர்த்தம் என்றால் திருப்பரங்குன்றத்தில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் நடக்கும், ஊரில் நல்ல விடுதிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு, இடத்துக்கு இடம் கிழமை மாறும். கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்கள், வண்டி, பணம்

பதினெட்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு டெம்போ டிராவலரில் அடங்கும் கூட்டம்தான் ஒரு பாறைச் சிற்பத்தின் முன்னால் சேர்ந்து நின்று பார்க்கும். ஐம்பது பேர் ஒரு பேருந்தில் வந்தால் முதல் ஆள் பார்த்து முடித்துக் கீழே இறங்கும்போது கடைசி ஆள் ஏறிக்கொண்டிருப்பார். குன்றுகளுக்குப் போகும் ஊர்ச் சாலைகளில் பெரிய பேருந்து திரும்பவும் சிரமம்.

வண்டி பேசும்போது நான்கு விஷயத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர்; டிரைவர் படி வாடகையில் சேர்த்தியா தனியா; சுங்கச்சாவடி, பார்க்கிங் யார் கட்டுவது; காலை 5.30 மணிக்கு வண்டி வாசலில் நிற்குமா. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். "அண்ணே, அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி போயிருக்கீங்களா?" என்றும் கேளுங்கள். போயிருக்கிறேன் என்று சொல்கிற டிரைவர் கிடைத்தால் பத்தோ நூறோ கூடக் கொடுத்தாலும் தகும்.

பொதுச் செலவுக்கு ஆளுக்கு ஒரு தொகை வாங்கி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரே நோட்டில் எழுதி வரட்டும். டீக்கு ஒருத்தர், தண்ணீருக்கு ஒருத்தர் என்று கொடுத்தால் ராத்திரி கணக்குப் பார்க்கும்போது முகம் சுருங்கும்.

ஆளுக்கு ஓர் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், போகப்போகிற இடங்களைக் குழுவுக்குள் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மகாலுக்கு ஒருவர், கீழடிக்கு இரண்டு பேர், சமணர் மலைக்குக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், மீனாட்சி கோயிலின் தூண் சிற்பங்களுக்கு வீட்டிலுள்ள பெரியம்மா. அவரவர் அந்த இடத்தைப் பற்றிப் படித்து வந்து, அங்கே நின்று ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

தொழில்முறை வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. மீனாட்சி கோயிலில் அவர்கள் மிகவும் பயன்படுவார்கள். ஆனால் குன்றுகளில் வழிகாட்டி யாரும் காத்திருக்க மாட்டார். பாறையில் வெட்டிய எழுத்து சும்மா பார்த்தால் கீறல் மாதிரித்தான் தெரியும். கூட வந்தவர் ஒருவர் அதைப் படித்துக்கொண்டு வந்து விரல் நீட்டிக் காட்டினால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். தெரியாத வழிகாட்டியிடம் கேட்கக் கூச்சப்படுகிற பாட்டிகூட சொந்தப் பேரனிடம் நாலு கேள்வி கேட்பார். கூட்டமாக வருவதன் லாபமே இதில்தான் இருக்கிறது.

முதல் நாள் காலை: கீழக்குயில்குடி

காலை 6 மணிக்குள் ஊரை விட்டு மேற்கே கிளம்பிவிடுங்கள். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வந்து திரும்பினால் கீழக்குயில்குடி. சமணர் மலை இங்கேதான். அறையிலேயே கழிப்பறை வேலைகளை முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தக் குன்றுக்குப் போனாலும் இது பொருந்தும். மலையில் வசதி கிடையாது. கூட வரும் பெண்களுக்கு இது பெரிய பிரச்சினை. திரும்பும் வழியில் நல்ல பெட்ரோல் பங்க்கோ ஓட்டலோ எங்கே நிறுத்துவது என்று டிரைவரிடம் முன்பே பேசி வையுங்கள். காலைச் சாப்பாட்டை, இட்லியோ பொங்கலோ, பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், கருப்பணசாமி கோயில். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஆலமர நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். மேலே போகாவிட்டாலும் வந்தது வீண் என்று தோன்றாத இடம். மற்றவர்கள் கோயிலை ஒட்டிய படி வழியாகப் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறுங்கள். பாறையில் படி வெட்டியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் என்றால் வழுக்கும், கவனம்.

மேலே சுனையை ஒட்டிய பாறையில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்தவர் பார்சுவநாதர். கொடி சுற்ற நிற்பவர் பாகுபலி. எல்லாம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இப்போது சிற்பங்களுக்குக் கீழே குனிந்து பாருங்கள். அந்தக் காலத்தில் தமிழை எழுதிய வட்டெழுத்தில் வரிகள் ஓடும். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார், அவர் யாருடைய மாணாக்கர் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தாய் தன் பெயரோடு மகன் பெயரையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள், மறுநாள் தேவைப்படும்.

இன்னும் மேலே ஏறத் தெம்பு உள்ளவர்கள் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளத்தையும், உச்சிக்குப் பக்கத்தில் கன்னடக் கல்வெட்டையும் பார்க்கலாம். இங்கே இயங்கிய சமணப் பள்ளிக்குக் கன்னட நாட்டோடும் தொடர்பு இருந்ததற்கு அது சாட்சி.

கீழே இறங்கி, வண்டியில் மலையின் இன்னொரு பக்கம் போனால் செட்டிப்புடவு. இதற்குக் கொஞ்சம் படிதான். குகை வாசலின் இடப்பக்கம் பெரிய தீர்த்தங்கரர் முக்குடையின் கீழ் உட்கார்ந்திருப்பார். பலர் அவரோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தலையைக் குனிந்து குகைக்குள் போங்கள். உள் கூரையின் வளைவில் சிறு சிற்பங்கள் ஐந்து இருக்கின்றன. அதில் ஓர் இயக்கி, அதாவது சமணர்களின் காவல் தெய்வம், சிங்கத்தின் மேல் அமர்ந்து, எதிரே வரும் யானையோடு போர் செய்கிறாள். இருட்டுக்குக் கண் பழகியதும் வில்லும் யானையும் தெளிவாகத் தெரியும். செல்போன் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தால் இன்னும் துலங்கும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

சிற்பத்தையோ எழுத்தையோ தொட வேண்டாம். படத்தில் நன்றாக விழட்டும் என்று மாவு தடவுவது, சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அடியோடு கூடாது. இந்தக் குன்றுகள் பலவற்றில் காதலர் பெயர்களும் பெயின்ட் எழுத்துகளும் பழைய எழுத்துக்கு மேலேயே ஏறியிருக்கின்றன. மனசு பதறும். கூட வரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

வெயில் ஏறுவதற்குள், 9.30 வாக்கில் கீழே இருக்க வேண்டும். இட்லிப் பொட்டலத்தை ஆலமரத்தடியில் பிரியுங்கள். இலையையும் பாலித்தீனையும் மூட்டை கட்டித் திரும்ப எடுத்து வருவது யார் என்று முன்பே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மதியத்துக்குள் திருப்பரங்குன்றம்

கீழக்குயில்குடியிலிருந்து நேராகத் திருப்பரங்குன்றம் வந்துவிடலாம். மதியம் நடை சாத்தும் முன் தரிசனம் முடிய வேண்டும். அறுபடை வீட்டில் முதலாவது என்பது எல்லோருக்கும் தெரியும். கருவறை முழுவதும் மலையைக் குடைந்து எடுத்தது, 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பாறையில் முருகன், துர்க்கை, பிள்ளையார். இரு பக்கமும் சிவனும் பெருமாளும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். மூலவர் மலையோடு சேர்ந்த திருமேனி என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். வரிசையில் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், உள்ளே நின்று விளக்கம் சொல்ல முடியாது. இந்த இடத்துக்குப் பொறுப்பானவர் வெளி மண்டபத்திலேயே சொல்லி முடித்துவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டை முடித்து அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் படுங்கள். இதைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். 'அந்த நேரத்தில் இன்னொரு இடம் பார்க்கலாமே' என்று யாராவது கேட்பார்கள். விடாதீர்கள். மதுரையின் மதிய வெயிலில் பெரியவர்களை அலைய விட்டால் ராத்திரி கோயிலுக்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

மாலை: மகால், பிறகு கோயில்

மூன்று மணிக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. இப்போது இருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். பிறகு பாழடைந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் செப்பனிட்டார். நீதிமன்றமும் இங்கே வெகுகாலம் இயங்கியது. தூண்களை மூன்று பேராவது கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. கூரையின் சுதை வேலைப்பாடுகளை நிமிர்ந்து பாருங்கள்.

மகாலை விட்டு வெளியே வந்து, கோயில் பக்கம் நடக்கும் வழியில் பத்துத்தூண் சந்துக்குள் நுழையுங்கள். மகாலின் பழைய எல்லைக்குள் இருந்த பத்துத் தூண்கள், கூரை இல்லாமல், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது மகாலுக்குள் நிற்கும்போது தெரிவதைவிட இங்கே நன்றாகத் தெரியும். சுங்குடிச் சேலை வாங்குகிறவர்களுக்கும் இதுதான் இடம். ஆனால் இப்போது வாங்க ஆரம்பித்தால் கோயில் போய்விடும். நாளை சாயங்காலம் என்று சொல்லி இழுத்து வாருங்கள். விளக்குத்தூண் பக்கத்தில்தான் இருக்கிறது. 1840-களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து வெளிவீதிகளை அமைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. ஜிகர்தண்டா குடிக்கவும் இந்தப் பக்கமே வசதி.

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். வேனைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மதியம் 12.30 வாக்கில் சாத்திய நடை மாலை 4 மணிக்குத் திறக்கும். ஐந்து மணிக்கு உள்ளே போவது சரியாக இருக்கும்.

2018 முதல் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. கேமராவும் கூடாது. குழுவாக வருகிறவர்கள் இங்கேதான் சிதறிப் போகிறார்கள். உள்ளே ஒருவரை ஒருவர் தொலைத்தால் கூப்பிட வழியில்லை. அதனால் மூன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போன்களை எல்லாம் வேனிலேயோ அறையிலேயோ ஒரே பையில் போட்டுவிடுங்கள். ஆளுக்கு ஆள் காப்பறையில் டோக்கன் போட்டால் திரும்ப வாங்கவே அரை மணி ஆகும். இரண்டாவது, எந்தக் கோபுர வாசலில் செருப்பை விடுகிறீர்களோ அந்தத் திசையை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கோபுரம், நாலு பக்கமும் ஒரே மாதிரி வீதி. கிழக்கே செருப்பை விட்டு மேற்கே வந்து நிற்கிறவர்கள் தினமும் உண்டு. மூன்றாவது, கூடும் இடமும் நேரமும். பொற்றாமரைக்குளத்தின் படிக்கட்டு நல்ல இடம், உட்கார்ந்து காத்திருக்கலாம். கடிகாரம் கட்டியவர் குழுவுக்கு ஒருவராவது வேண்டும்.

அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை போட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். இந்து அல்லாத நண்பர்கள் குழுவில் இருந்தால் கருவறைப் பக்கம் போக முடியாது. மண்டபங்கள், குளம், ஆயிரங்கால் மண்டபம் ஆகியவற்றைப் பார்க்கலாம். இதை முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை.

வழக்கப்படி அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து முதலில் மீனாட்சி, பிறகு சொக்கநாதர். சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர். வண்டியூர் தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பார்கள். சுவாமி சன்னதிக்குள் வெள்ளியம்பலத்தில் நடராஜரைப் பாருங்கள். மற்ற ஊர்களில் இடக்கால் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலக்காலைத் தூக்கியிருக்கிறார். கம்பத்தடி மண்டபத்துத் தூண்களில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் உண்டு. கையைப் பிடித்துக் கொடுக்கும் பெருமாள், தலை குனிந்த மீனாட்சி, கைப்பிடிக்கும் சொக்கநாதர். மூன்று பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரப்பட வேண்டாம். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். கணக்குக்கு 985 தூண்தான். நாயக்கர்களின் தளவாய் அரியநாத முதலியார் 1569-இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். கோபுரங்களில் மூத்தது கிழக்குக் கோபுரம், 13ஆம் நூற்றாண்டு. உயரமானது தெற்குக் கோபுரம், 16ஆம் நூற்றாண்டு.

வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று பேசிக்கொண்டு, 'தலபுராணம் எங்களுக்குத் தெரியும், சிற்பத்தையும் கட்டடத்தையும் சொல்லுங்க' என்று கேளுங்கள். நல்லவர்களுக்கு அதைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிடும்.

முடிகிறவர்கள் பள்ளியறைப் பூசை வரை இருங்கள். இரவு நடை சாத்தும் முன் சொக்கநாதரின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவார்கள். முடியாதவர்களை ஒரு பெரியவரோடு அறைக்கு அனுப்பிவிடுங்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் யாருக்குமே நிம்மதி இருக்காது.

கறிதோசையும் முட்டைப் புரோட்டாவும் கோயில் முடிந்த பிறகுதான். அசைவம் சாப்பிட்டுக் கோயிலுக்குப் போகத் தயங்குகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். ராத்திரிக் கடைகள் வெகுநேரம் திறந்திருக்கும் ஊர் இது, பசித்துப் படுக்க வேண்டிவராது. பதினெட்டு பேர் ஒரே கடையில் நுழையாமல் இரண்டு மூன்றாகப் பிரிந்து சாப்பிட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

இரண்டாம் நாள் காலை: அரிட்டாபட்டி, நரசிங்கம்

இன்று வடகிழக்கே, மேலூர் சாலை. அரிட்டாபட்டி சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகளும் ஏரிகளும் சுனைகளும் சூழ்ந்த ஊர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டார மக்கள் எல்லாம் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் உயிர். வேனை ஊருக்கு வெளியே நிறுத்தி, டீக்கடையில் ஒரு டீ குடித்து, 'மலையைப் பார்க்க வந்திருக்கோம்ய்யா, எந்தப் பக்கம் போகணும்?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். வழி சொல்வதோடு, தேன்கூடு இருக்கும் பாறை எது, ஏறக்கூடாத பக்கம் எது என்பதையும் சொல்வார்கள். பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. பாட்டுப் போடுவதோ டிரோன் விடுவதோ வேண்டாம்.

குகைத்தளத்துக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது மேலே பாறை முகப்பில் நீளமாக வெட்டிய விளிம்பு. மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காகச் செய்தது. துறவிகள் தங்குவதற்கு இடம் செய்து கொடுத்தவர்கள் முதலில் செய்த வேலை அதுதான். அந்த விளிம்பை ஒட்டித் தமிழி எழுத்தைத் தேடுங்கள். வட்டெழுத்துக்கும் முந்திய, தமிழின் மிகப் பழைய எழுத்து அது. கோடு, வட்டம், கூட்டல் குறி மாதிரி ஒரு விரல் ஆழம்கூட இல்லாத வெட்டு. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகளுக்குள் நிழல் தேங்கி நன்றாகத் தெரியும். இதற்காகத்தான் காலை 5.30 மணி வண்டி. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். பொறுப்பெடுத்த பிள்ளை எழுத்துகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டு வந்தால், பாறையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எல்லோரும் படித்துவிடலாம். மளமளவென்று படிக்க வரும்போது பெரியவர்களே குழந்தைகளாகிவிடுவார்கள்.

அதே குகைத்தளத்தில் மகாவீரர் சிற்பம், வண்ணம் பூசிய தடம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கீழே வட்டெழுத்து. அதில் வரும் பெயர் அச்சணந்தி. நேற்றுக் கீழக்குயில்குடியில் தாயார் பெயரைப் பார்த்தோமே, அந்தப் பெயர்தான். இந்தத் திருமேனியைப் பாதிரிக்குடியார் காக்க வேண்டும் என்றும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஊரார் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறார்கள். தாய் பெயர் மேற்கே ஒரு மலையில், மகன் பெயர் கிழக்கே ஒரு மலையில். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்கிறவர்கள் குறைவு. குன்றுகளுக்கு இந்த வரிசையை நான் சொல்வது இதற்காகத்தான்.

மலையின் இன்னொரு பக்கம் ஊர்க்காரர்கள் இடைச்சி மண்டபம் என்று சொல்லும் குடைவரைச் சிவன் கோயில். வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். சிவனின் அவதாரம் என்று பாசுபத சைவர்கள் வணங்கிய குரு இவர். லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

திரும்பும் வழியில் ஒத்தக்கடையிலிருந்து திரும்பினால் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம். யோக நரசிம்மர் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-இல் குடையத் தொடங்கி, முடியும் முன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார். இதெல்லாம் அங்கேயே கல்லில் இருக்கிறது. இதே யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று வந்து, மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இந்தக் குன்றுகளை வேனில் இல்லாமல், ஒரு கூட்டத்தோடு நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதுரையின் பசுமை நடை குழுவைத் தேடிப் பிடியுங்கள். ஆண்டுக்கணக்காக மக்களை இங்கெல்லாம் அழைத்துப் போகிறவர்கள்.

வெயிலுக்கு ஒதுங்க காந்தி அருங்காட்சியகம் வசதி. ராணி மங்கம்மாளின் பழைய தமுக்கம் அரண்மனையில் 1959-இல் தொடங்கியது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அவர் மேல்சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறியதும் 1921 செப்டம்பரில் இதே மதுரையில்தான்.

மதியத்துக்குப் பிறகு கீழடி

ராமேஸ்வரம் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் போனால் கீழடி. சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது. தனித்தனிக் கூடங்களாக இருப்பதால் குழுவை இரண்டாகப் பிரித்து எதிரெதிர் முனையிலிருந்து தொடங்கினால் நெரிசல் இருக்காது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அகழாய்வு 2014-15-இல் தொடங்கியது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குடியிருப்பின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு போனது. கூடங்களில் தங்க நகை, தந்தச் சீப்பு எல்லாம் இருக்கட்டும், பானை ஓடுகளிடம் நேரம் எடுத்து நில்லுங்கள். காலையில் பாறையில் படித்த அதே எழுத்தில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் கீறியிருக்கும். குகையைத் தானம் செய்தவன் ஊருக்குத் தெரியட்டும் என்று மலையில் வெட்டினான். இங்கே வீட்டுப் பானையில் எழுத்து இருக்கிறது. காலையில் எழுத்துப் பழகிய பிள்ளைகள் விளக்கப் பலகையைப் பார்க்காமல் ஓட்டைப் படிக்க முயல்வார்கள், படிக்க விடுங்கள். பகடை, சில்லு போன்ற விளையாட்டுப் பொருட்களும் தக்களியும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். உறைகிணறும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டது பக்கத்தில் உள்ள தென்னந்தோப்புகளுக்கு நடுவே. அகழாய்வுக் குழியைப் பார்க்க அனுமதி உண்டா என்று அருங்காட்சியகத்திலேயே கேட்டுக்கொண்டு போங்கள். குழி விளிம்பில் நிற்காதீர்கள், மண் சரியும்.

ஊருக்குள் திரும்பும்போது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் இறங்கிக் காற்று வாங்கலாம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், நடுவே மைய மண்டபம். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. அழகர்கோயில் இந்தத் திட்டத்தில் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் மூன்றாம் நாள் காலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம்படிக் கருப்பு, நூபுரகங்கை, பழமுதிர்சோலை எல்லாம் சேர்த்து அரை நாள் முழுசாக வேண்டும், இடையில் திணிக்க முடியாது. தோசைப் பிரசாதத்தை மறக்காதீர்கள், கைப்பையைக் குரங்கிடமிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத் தள்ளிப்போட்ட கடைவீதி வேலையை இப்போது முடியுங்கள். புதுமண்டபத்துக்குள் இருந்த தையல் கடைகள், வளையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சுங்குடிக்குப் பத்துத்தூண். மல்லிகையை ஊரை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வாங்குங்கள், முழம் கணக்கில் கட்டிய பூவை வாழையிலையில் சுற்றித் தருவார்கள்.

இரவு ரயிலுக்குப் போகிறவர்கள் இரவு 7 மணிக்குள் கடைவீதியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாசி வீதி, டவுன்ஹால் ரோடு நெரிசலில் ரயில் நிலையம் எதிரே தெரிந்தாலும் வண்டி நகராது. பை குறைவாக உள்ளவர்கள் இறங்கி நடப்பதே வேகம். பொதுக் கணக்கை ஸ்டேஷனில் வைத்துப் பார்க்காமல், கடைசிச் சாப்பாட்டு மேஜையிலேயே முடித்து, மீதியைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். டிரைவருக்குச் சாப்பாடும் அந்த மேஜையில்தான்.